வேட்டுச் சத்தம் வந்தபாடில்லை

மலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில், ஒரு நாளைக்கு நாலே நாலு பஸ் வந்து திரும்புகிற ஊமத்தங்காடு என்கிற ஊரில், கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், வேட்டுக்காரர் தவசிக்கனி விட்ட பெரிய வேட்டு மேலே போய் வெடித்தது, வெளிச்சம் வந்தது, சத்தம் வரவில்லை.

வெளிச்சத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கல்யாணப் பந்தல் அகலத்துக்குச் சிவப்பும், அதற்குள்ளே பச்சையும், அதற்கும் உள்ளே எலுமிச்சை மஞ்சளுமாக விரிந்து, கோவில் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கூட்டத்தில் அண்ணாந்து நின்ற அத்தனை முகங்களையும் நிறம் மாற்றிவிட்டு, நிதானமாக அணைந்தது. ஊரே இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் சொருகிக்கொண்டு நின்றது. எடுக்கிற நொடியில் வந்து தொலைத்துவிடுமோ என்று யாரும் விரலை எடுக்கவில்லை. பால்குடிப் பிள்ளைகளின் காதைப் பொத்தியிருந்த தாய்மார்களுக்குக் கை மரத்துப்போனது. கால் மணி நேரம் கழித்து மாவு மில் ஆண்டியப்பன் ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவி சங்கரவடிவிடம், "வந்துட்டா?" என்று கேட்டார். அவள் காதில் விரல் இருந்ததால் அது அவளுக்குக் கேட்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் மருந்து நமுத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டு அடுத்த வேட்டைப் பற்றவைத்திருப்பார்கள். ஊமத்தங்காட்டில் அது நடக்காது. அங்கே அந்த ஒரு சத்தத்தின் மேல்தான் வருஷமே நிற்கிறது. ஊர்த் தெய்வமான கேளாச்செவியம்மனுக்குப் பெயரிலேயே இருப்பதுபோல் காது கேட்காது; அதனால்தான் அந்த ஊரில் மனிதர்கள் குடியிருக்க முடிகிறது என்பது பூசாரி மாடக்கண்ணுவின் அபிப்பிராயம். ஆனால் மழைக்காலத்தை வழியனுப்புகிற திருவிழாவின் ஒன்பது நாளும், காப்புக் கட்டிய நேரத்திலிருந்து, அம்மனுக்குக் காது திறந்துவிடும். அடுப்பில் கடுகு வெடிப்பதுகூட அவளுக்குக் கேட்கும். ஆகவே அந்த ஒன்பது நாளும் காப்புக் கட்டிய யாரும், அதாவது ஊரில் யாருமே, சண்டை போடக்கூடாது, திட்டக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, 'முடியாது' என்ற சொல்லை வாயிலேயே எடுக்கக்கூடாது. ஒன்பதாம் நாள் பெரிய வேட்டு வெடித்து, அந்தச் சத்தத்தில் அம்மனுக்குக் காது மறுபடி அடைத்துக்கொண்டதும், கோவில் முன்னால் ஓலை சுற்றி நட்டுவைத்திருக்கும் சொக்கப்பனைக்குத் தீ வைப்பார்கள். பனைமரம் உச்சிவரைக்கும் கொழுந்துவிட்டு எரிகிற வெளிச்சத்தில் காப்பை அவிழ்த்துத் தீயில் போட்டுவிட்டு, ஒன்பது நாள் அடக்கிவைத்த சண்டைகளை எல்லாம் ஆற அமரப் போட்டுத் தீர்ப்பார்கள். ஊமத்தங்காட்டு மக்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது வாணவேடிக்கைக்கும் அல்ல, நெருப்புக்கும் அல்ல, அந்தச் சண்டைக்குத்தான்.

காப்போடு சண்டை போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அம்மன் பஞ்சாயத்துப் பேச வந்துவிடுவாள். அவளுடைய தீர்ப்பு எந்த வழக்குக்கும் ஒன்றேதான்: இரண்டு பேர் மேலும் தப்பு. தன் மேல் மட்டும் தப்பு என்றால்கூட ஒரு ஊமத்தங்காட்டுக்காரன் பொறுத்துக்கொள்வான், எதிராளியோடு சரிசமமாகத் தப்பு என்பதை அவனால் தாங்க முடியாது.

"வந்துரும் அண்ணாச்சி, வந்துரும்," என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார் தவசிக்கனி. கையில் ஊதுவத்தியோடு வேட்டுக்குழாய்க்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "வெளிச்சத்த நீங்களே கண்ணால பாத்திய. வெளிச்சம் வந்துட்டுன்னா சத்தம் வராம எங்கன போவும்? வந்துக்கிட்டுதான் இருக்கு."

மறுத்துப் பேச வழியில்லாததால் எல்லோரும் தலையாட்டிவிட்டு, தீ வைக்காத சொக்கப்பனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, அவிழ்க்காத காப்போடு வீட்டுக்குப் போனார்கள். வேட்டு விடுவதற்கு முன்பே வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட நாய்கள் விடிந்தும் வெளியே வரவில்லை. நாய்களே நம்பும்போது மனிதர்கள் நம்பாமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஊர் முடிவு செய்து, காத்திருக்க ஆரம்பித்தது.

இதில் மற்ற எல்லாரையும்விடச் சங்கரவடிவுக்குத்தான் அந்தச் சத்தம் அவசரமாக வேண்டியிருந்தது. இருபது வருஷம் மாவு மில்லின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, ஊரிலேயே பெரிய தொண்டை என்று பெயர் வாங்கியவள். அவளுக்குப் பக்கத்து வீடு முப்பிடாதி. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவள், வடிவைவிட நாலு வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தெருக்குழாய். காலை ஏழு மணிக்கு அதில் தண்ணீர் வரும், ஏழரைக்கு நிற்கும். அந்த அரைமணி நேரமும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக, திருவிழாவின் ஒன்பது நாளைத் தவிர, ஒரு நாள் தவறவில்லை. முதல் சண்டை எதற்காக என்று இருவருக்குமே மறந்துபோய், எதற்காக என்பதைப் பற்றியே தனியாக ஒரு சண்டை உண்டு. முப்பிடாதிக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோதுகூட, வடிவு ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சளைக்காமல் பதினோரு நாள் அவளைத் திட்டிக் குணப்படுத்தியிருக்கிறாள்.

காப்புக் கட்டுகிற அன்று காலைச் சண்டையில்தான் விஷயம் கெட்டது. ஏழு இருபத்தெட்டுக்கு முப்பிடாதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஒன் வீட்டு ரசத்த ரெண்டு சொட்டு ஊத்துனா, துருப்புடிச்ச பூட்டுகூடத் தொறந்துரும்ட்டி," என்றாள். வடிவு வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஆண்டியப்பன் மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் கோவிலில் மேளம் அடித்துவிட்டார்கள், காப்புக் கட்டியாயிற்று, சண்டை முப்பிடாதியின் கையில் ஜெயமாக நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், மில் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தபோது, வடிவுக்குப் பதில் வந்தது. அப்படி ஒரு பதில் அவள் ஆயுளில் வந்ததில்லை. மொத்தம் பதினோரு வார்த்தை. அதில் ரசமும் இருந்தது, பூட்டும் இருந்தது, சத்துணவுக் கூடத்து அண்டாவும் இருந்தது, கடைசி வார்த்தையில் முப்பிடாதியின் மூக்குத்தியும் வந்து உட்கார்ந்தது. உளி கையிலிருந்து நழுவியது. தன்னந்தனியாக உட்கார்ந்து அவள் ஐந்து நிமிஷம் சிரித்தாள். 'இன்னும் ஆறே நாள்' என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, மறந்துவிடாமலிருக்கத் தினமும் பல் தேய்க்கும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆறு நாள் போயிற்று. வேட்டு வெடித்தது. சத்தம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு இருவரும் குழாயடியில் சந்தித்தார்கள்.

"வாங்க மதினி, தண்ணி வந்துட்டு. நீங்க மொதல்ல புடிங்க," என்றாள் முப்பிடாதி.

"ஐயோ, மூத்தவுங்க நீங்க இருக்கையில நான் புடிப்பனா? நீங்க புடிங்க மதினி."

"ஒங்களுக்கு மில்லுக்குப் போவணும்லா. நீங்க புடிங்க."

இப்படியே ஏழரை மணி ஆகித் தண்ணீர் நின்றுபோனது. இரண்டு பேரும் காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். வந்த தண்ணீரெல்லாம் வாய்க்காலில் ஓடி, கீழத்தெருவில் வாழை நன்றாக வளர்ந்தது.

நாட்கள் வாரங்களாயின. ஊர் அந்த வராத சத்தத்தோடு வாழப் பழகிக்கொண்டது. காலையில் எழுந்ததும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்த்தார்கள். எல்லாருடைய காதிலும் பஞ்சு இருந்தது. யாராவது பேச வேண்டுமென்றால் முதலில் சைகை காட்டிப் பஞ்சை எடுக்கச் சொல்லி, பேசி முடித்ததும் மறுபடி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். குக்கர் விசில் சத்தத்தில் வேட்டுச் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று எல்லாரும் பானையில் சோறாக்கினார்கள், அதே காரணத்துக்காக மாவு மில்லை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டும்படி பூசாரி கேட்டுக்கொண்டார், மறுக்க முடியாமல் ஆண்டியப்பன் சரி என்றார். தவசிக்கனி கோவில் மண்டபத்து மொட்டைமாடியில் ஒரு பித்தளைக் குடத்தைக் காதில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே போகிறவர்கள், பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்கிற மாதிரி, "எங்க வந்திருக்கு அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். அவரைத் திட்ட ஆசைப்பட்டவர்கள் அவர் எதிரே போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அப்படிப் பார்க்கப்பட்டுப் பார்க்கப்பட்டே மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், வேட்டு வெடித்துப் பதினாலாம் நாள் கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டு, ஒளி வந்து இத்தனை நாளாகியும் ஒலி வரவில்லை என்றால் வேட்டு நிலாவையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் வெடித்திருக்க வேண்டும் என்று நிரூபித்தார். "மூணு கிலோ மருந்துதான் சார் போட்டேன்," என்றார் தவசிக்கனி. வாத்தியாரால் அதை மறுக்க முடியவில்லை. தவசிக்கனியாலும் வாத்தியாரை மறுக்க முடியவில்லை. இரண்டும் உண்மை என்று ஊர் ஒப்புக்கொண்டது.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் ஏகமனதாக நிறைவேறியது. ஒரே தெருவுக்கு மூன்று தலைவர்களின் பெயரை வைத்தார்கள். பஸ் போகாத சாலையில் பஸ் நிறுத்தம் கட்டினார்கள். கபடிப் போட்டியில் பாடிக்கொண்டு போனவன் எதிரணியைத் தொடுவதற்கு முன், "தொட்டுக்கிடட்டா அண்ணாச்சி?" என்று கேட்க, அவர்கள் "தாராளமா," என்று சொல்ல, ஆட்டம் நாலு நாள் நடந்து இரண்டு அணியும் ஜெயித்தன. மாமியார்கள் மருமகள்களுக்குத் தலைவாரிவிட்டார்கள், இரண்டு தரப்புக்கும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பாராட்டுகிற சாக்கில் குத்திப் பேசிப் பார்த்தார்கள் சிலர். "ஒங்க கோலம் பிரமாதம், கோழி நடந்தாக்கூட இப்பிடி அமையாது," என்று யாரோ சொல்ல, அம்மனுக்கு வார்த்தை மட்டுமல்ல, தொனியும் கேட்கும் என்று பூசாரி தண்டோரா போட்டுவிட்டார். ஒருநாள் கடைத்தெருவில் லாரி டயர் ஒன்று வெடித்தது. 'வந்துட்டு!' என்று பாய்ந்து மூன்று பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அது டயர் என்று தெரிந்ததும், பிடித்த சட்டையைத் தட்டிச் சரிசெய்து, பொத்தானைப் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள்.

கடைசியில் சனங்கள் சாயங்காலமானால் மெயின் ரோட்டுக்குப் போகப் பழகினார்கள். அங்கே லெவல் கிராசிங்கில் வெளியூர் லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். ஊமத்தங்காட்டுக்காரர்கள் ஊர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமாகப் பாய் விரித்து, முறுக்கு கொண்டுபோய், ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். நல்ல வசவாக விழும்போது பெரியவர்கள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்கள், சிலர் பெருமூச்சு விட்டார்கள், ஒரு கிழவர் அழுதே விட்டார். சொக்கப்பனை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அப்படியே நின்றது. அதில் ஒரு பீர்க்கங்கொடி ஏறி, பூத்து, காய்த்து, பூசாரி வீட்டில் இரண்டு முறை பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தாயிற்று.

வடிவு மெலிந்தாள். பதினோரு வார்த்தையும் அவள் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சோற்றை இறங்கவிடவில்லை. ஆண்டியப்பனுக்கு முதல் இரண்டு வாரம் சொர்க்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் அவருக்குப் பயம் பிடித்தது. "வடிவு, என்னயாவது கொஞ்சம் வைதுக்கோயேன், மெதுவா, பாயில வாய வச்சி," என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள். அது அவருக்குரிய வசவு அல்ல.

அப்போதுதான் முப்பிடாதியின் மகன் சுயம்புவிடமிருந்து போன் வந்தது. வடக்கே தூரத்து ஊரில் கம்பெனி வேலையில் இருக்கிறவன். மருமகள் மாசமாக இருக்கிறாள், அம்மா திருவிழா முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாகத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது முன்பே பேசிவைத்த ஏற்பாடு. வடிவுக்கு மட்டும் அது தெரியாது, ஏனென்றால் சண்டைக்காரியிடம் யார் போய்ச் சொல்வார்கள். காப்போடு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதால் இரண்டு முறை பயணம் தள்ளிப்போயிருந்தது. இனிமேலும் தள்ள முடியாது என்று சுயம்பு பூசாரிக்கே போன் போட்டு, அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டான். பூசாரி 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்து, கையில் காப்பைப் பார்த்து, வாயை மூடினார். எல்லைக்கல்லில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காப்பை அவிழ்த்துவிடலாம் என்று அறிவித்தார். அப்படி ஒரு வழக்கம் அந்த ஊரில் இருந்ததே இல்லை, மறுக்க முடியாததால் அன்றைக்கு உண்டானது. வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் பஸ்.

வியாழக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில் வடிவு கோவிலுக்குப் போனாள். கேளாச்செவியம்மன் கல்லாக, மஞ்சள் பூசி, இரண்டு காதிலும் புதுத் தோடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இப்ப ஒனக்குக் காது கேக்குல்லா," என்றாள் வடிவு. "அதான் நேரா கேக்க வந்துருக்கேன். நாளக்கி காலையில ஒரு அரமணி நேரம் நீயே காதப் பொத்திக்கோ தாயி. அவ போயிட்டான்னா நான் யாருகிட்ட போயி இதச் சொல்லுவேன்? இந்த ஊருல ஆயிரம் பேரு இருக்கான். ஒருத்தனுக்காவது எதுத்துப் பேசத் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் 'ம்' கொட்டுவாரு. அவ ஒருத்திதான் எனக்குச் சரியான வாயி."

அம்மனுக்குக் காது கேட்டது. பதில் சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

விளக்குக்கு எண்ணெய் விட வந்த மாடக்கண்ணு தூணுக்குப் பின்னாலிருந்து, "அரமணி நேரத்துக்குக் காதப் பொத்துனதா நான் கேள்விப்பட்டதேயில்ல வடிவு," என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அவருக்கும் தம்பியோடு ஒரு வரப்புத் தகராறு பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, காப்புக் கட்டி நாற்பத்தோராம் நாள், முப்பிடாதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வடிவு வீட்டு வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாசற்படியை அவள் மிதித்ததில்லை.

"போயிட்டு வாறேன் மதினி," என்றாள். "இத்தன வருசத்துல நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்கிடாதிய. மன்னிச்சிருங்க."

வடிவுக்கு ஆத்திரமாக வந்தது. மன்னிப்பாமே! இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல், மழையிலும் காய்ச்சலிலும் குடை பிடித்துக்கொண்டும் வளர்த்த சண்டையை, ஒரு துணியை வைத்துப் பலகையைத் துடைக்கிற மாதிரி, 'மன்னிச்சிருங்க' என்று ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டுப் போகிறாளாமே. "அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய், மிளகாய் வற்றல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். துக்கம்தான், மிளகாய் இல்லை. நாளை காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், தான் மட்டும் போய் முதல் குடத்தையும் பிடிக்கலாம், இரண்டாவதையும் பிடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பதை நினைத்து மறுபடியும் அழுதாள்.

பஸ் ஸ்டாண்டில் ஊரே திரண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றுவதற்கு ஆளாளுக்கு, "நீங்க ஏத்துங்க", "இல்லல்ல, நீங்க ஏத்துங்க" என்று உபசாரம் பண்ணி, பொறுமையிழந்த வெளியூர்க் கண்டக்டர் கடைசியில் தானே ஏற்றினார். முப்பிடாதி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு படியில் நின்றார். பத்து நாற்பத்தைந்துக்கு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வடிவு கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி உறுமியது, ஒரு குலுங்கு குலுங்கியது, முப்பிடாதியின் முகம் மெதுவாக நகர ஆரம்பித்தது.

"ஏளா முப்பிடாதி! நில்லுட்டி!"

மாவு மில் தொண்டை. நாற்பத்தோரு நாளாக யாரும் கேட்காத 'ட்டி'. டிரைவர் பிரேக்கை மிதித்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பூசாரியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் படியில் வழிந்தது. எல்லாரும் கோவில் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டியப்பன், "வடிவு, வேண்டாம், அம்மனுக்குக் கேக்கும்," என்று கையைப் பிடித்தார். "கேக்கட்டும்," என்று உதறினாள் அவள். இரண்டு பேர் மேலும் தப்பு என்று தீர்ப்பாகட்டும், அவளோடு சேர்ந்து ஒரே தப்பில் நிற்பதென்றாலும் நிற்கிறேன் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றாள். சேலையை இழுத்துச் சொருகினாள். மூச்சை இழுத்தாள். முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தாள்.

சத்தம் வந்தது.

மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து வந்ததா என்று இன்றைக்கும் ஊரில் சண்டை உண்டு. பஸ்ஸின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, டீக்கடைப் பாய்லரின் மூடி எழும்பி இறங்கியது, தென்னையிலிருந்து இளநீர்கள் தானாக விழுந்தன, பஞ்சு வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சு தெறித்து விழுந்தது. மண்டப மாடியில் தவசிக்கனி பித்தளைக் குடத்தோடு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்தினார், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அந்த முழக்கத்துக்கு நட்டநடுவில் வடிவு ஒரு வார்த்தை விடாமல், கைநீட்டி, தலைசிலுப்பி, பதினோரு வார்த்தையையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தைக்கு அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டியதும் சத்தம் நின்றதும் ஒன்றாக நடந்தன.

வீட்டுக்கு வீடு நாய்கள் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தன. அதைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் நிச்சயமாயிற்று. "லே!" என்று யாரோ முதல் குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மாமியார்கள் மருமகள்களை நோக்கித் திரும்பினார்கள், கபடிக்காரர்கள் கபடிக்காரர்கள் மேல் விழுந்தார்கள், ஒரே தெருவின் மூன்று பெயர்களுக்காகவும் மூன்று கட்சி உண்டாயிற்று, அறிவியல் வாத்தியாரும் தவசிக்கனியும் ஒருவரையொருவர் தேடி ஓடினார்கள், மாடக்கண்ணு செம்பை எறிந்துவிட்டுத் தம்பி வீட்டுப் பக்கம் பாய்ந்தார். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி, பட்டப்பகல் பதினோரு மணிக்குச் சொக்கப்பனையில் தீயை வைத்துவிட்டு மறுபடி ஓடினார். பீர்க்கங்கொடியோடு பனை நன்றாகவே எரிந்தது. மழைக்காலம் விடைபெற்றுக்கொண்டது. அதைக் கவனிக்க ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை.

பஸ் ஜன்னலில் முப்பிடாதி காதைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி சொன்ன?" என்றாள்.

வடிவு சொருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னத்தான் கேக்கேன். என்னமோ சொன்னியே. கைய நீட்டுன. மூக்கத் தொட்ட. என் மூக்குத்தியப் பத்தியா?"

"ஒரு தடவதான் சொல்லுவேன். காது கேக்கலன்னா நான் என்ன செய்ய?"

"வேட்டு வெடிச்சா எவளுக்குட்டிக் கேக்கும்? ஒழுங்கு மரியாதையாச் சொல்லு!"

"சொல்ல மாட்டேன்," என்றாள் வடிவு. நாற்பத்தோரு நாளைக்குப் பிறகு அந்த ஊரில் சொல்லப்பட்ட முதல் 'மாட்டேன்'. வாய்க்கு அப்படி இனித்தது.

கண்டக்டர் விசிலடித்தார். முப்பிடாதி எழுந்தாள். தன்னைப் பற்றி ஊர் முன்னால் என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமல் அறுநூறு கிலோமீட்டர் போவது மனுஷியால் ஆகிற காரியமா. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். அவளுடைய பெட்டிகளைக் கண்டக்டர் திட்டிக்கொண்டே இறக்கினார், அவரைத் திட்டிக்கொண்டே அவள் வாங்கினாள். "ரெண்டேகால் பஸ்ஸுக்குப் போறேன்," என்றாள் வடிவிடம். "அதுக்குள்ள சொல்லிரு."

"ரெண்டேகால் வரைக்கும் எனக்கு மில்லுல வேல கெடக்கு."

"அப்ப நாளக்கி."

"நாளக்கித் தண்ணி வாற நேரத்துக்கு வா, பாப்போம்."

பஸ் போய்விட்டது. ரெண்டேகால் பஸ்ஸும் போய்விட்டது. சுயம்பு போன் பண்ணினால், "ஒரு சின்ன வேல பாக்கி இருக்குய்யா, முடிஞ்சதும் வந்துருதேன்," என்கிறாள் முப்பிடாதி. பிள்ளைப்பேறுக்கு மருமகளையே ஊமத்தங்காட்டுக்குக் கூட்டிவரச் செய்து, பேத்தியையும் கையில் வாங்கி, அவளுக்கு மொட்டையும் அடித்தாகிவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை. காலை ஏழு மணிக்குக் குழாயடியில் அவள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறாள். வடிவு வேறு எதையாவது சொல்லிச் சண்டையை இழுத்துக்கொண்டு போய் ஏழரை மணியில் விடுகிறாள்.

ஆண்டியப்பனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவள் காதோரம் குனிந்து, "எனக்காவது சொல்லேன் வடிவு. அந்தப் பதினோரு வார்த்த என்னது?" என்று கேட்டார்.

வடிவு சல்லடையைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் மாவு. அவளும் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மறந்துபோச்சு," என்றாள். "அந்தச் சத்தத்துல மண்டையே காலியாயிட்டு. ஒரு வார்த்தகூட நெனப்பில்ல."

அவர் வாயைத் திறப்பதற்குள் மாவுக்கையால் அவர் வாயைப் பொத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது. கேட்டியளா? தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவா."